அப்பா எந்த ஊருக்குப் போயிருக்கார்?

அன்புக்கொடி மக்களே, மாத முதல் ஞாயிறுக்கு இத்தனை பேர் குடும்பத்தோடு வந்திருக்கிறீர்கள். வழக்கமாக இந்த நேரத்தில் அகிலத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து விளக்கம் சொல்வது உண்டு. இன்றும் அகிலத்துக்குள் போவோம். ஆனால் அதற்கு முன் நம் தாங்கலில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் என் தவறும் இருக்கிறது.

போன ஐப்பசியில் நம்மில் ஒருவர் காலமானார். கடை திறக்கப் போனவர், ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வயது நாற்பது கூட ஆகவில்லை. மனைவியும் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகனும் இருக்கிறார்கள். நம்மில் பலரைப் போல அவர்களும் தெற்கே இருந்து பிழைக்க வந்தவர்கள்தான். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய், திருநாமம் சாத்தி, வடக்கு முகமாக அடக்கம் செய்தோம். ஓர் இரவு முழுக்க ஆம்புலன்ஸில் போக வேண்டும், சின்னப் பிள்ளை பயந்துவிடும் என்று சொல்லி மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். 'அப்பா ஊருக்குப் போயிருக்கார், அம்மா ரெண்டு நாள்ல வந்திருவா' என்றோம்.

நம்மவர்கள் வீட்டில் 'ஊருக்குப் போயிருக்கார்' என்ற சொல் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். கொடைக்கு ஊருக்குப் போவோம், கல்யாணத்துக்குப் போவோம், பனங்கிழங்கு சீசனுக்குப் போய்க் கட்டுக் கட்டாகக் கொண்டு வருவோம். ஊருக்குப் போனவர் இந்த வீட்டில் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. பிள்ளை அதை நம்பினான். தாய் திரும்பி வந்த நாளிலிருந்து சாயங்காலமானால் வாசற்படியில் உட்கார்ந்துகொள்வான். நெல்லித்தோப்புப் பக்கம் ஆட்டோ ஒன்று வேகம் குறைந்தால் எழுந்து நிற்பான். 'ஊர்ல இருந்து அப்பா போன் பண்ணாரா?' என்று தாயிடம் கேட்பான். அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு அழுவாள்.

ஒரு மாதம் கழித்து அந்த மகள் என்னிடம் வந்தாள். 'மாமா, என்ன சொல்லன்னே தெரியல, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க' என்றாள். நான் பையனை மடியில் உட்கார வைத்து, 'மக்களே, உங்க அப்பா வைகுண்டம் போயிட்டாரு, அங்க அய்யாகூட இருக்காரு' என்றேன். அவன் தலையாட்டினான். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். முப்பது வருஷமாகத் துக்க வீடுகளில் சொல்லி வந்த சொல்தானே!

மாசி 20 அவதாரத் திருநாளுக்கு இங்கிருந்து ஒரு கூட்டமாகத் திருச்செந்தூர் போனோம். திருநெல்வேலியில் இறங்கிச் செந்தூர் ரயில் ஏறினோம். தாயும் மகனும் என் எதிரில் இருந்தார்கள். ஒரு நிலையத்தில் வண்டி நின்றது. பையன் ஜன்னல் வழியே மஞ்சள் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தான். 'ஸ்ரீ... வை... குண்... டம்.' படித்து முடித்ததும் எழுந்துவிட்டான். பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறான். 'தாத்தா, எறங்குங்க, வைகுண்டம் வந்துட்டு, அப்பா இங்கதான் இருக்காரு!'

நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். வண்டி கிளம்பியதும் அவன் கத்திய கத்தலை அந்தப் பெட்டியில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். ஊர் என்றோம், ஊரைத் தேடினான். வைகுண்டம் என்றோம், வைகுண்டத்தைக் கண்டுபிடித்தான். நாங்கள்தான் அவனை இறங்க விடவில்லை. அவன் கணக்கில் அவ்வளவுதான்.

அன்பு மக்களே, அந்த ரயில் போன கரை எந்தக் கரை என்று உங்களுக்குத் தெரியும். கொல்லம் 1008 மாசியில், நோயுற்ற மகன் முத்துக்குட்டியைத் தொட்டில் கட்டி வெயிலாள் தாய் கொண்டுவந்த கரை. மகன் கடலுக்குள் போய்விட்டான். தேடிப் பார்த்த உறவினர்கள் முடிந்தது என்று எண்ணித் திரும்பினார்கள். தாய் மட்டும் கரையிலேயே அழுதுகொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் கடலிலிருந்து அய்யா வந்தார். பெற்றவள் மகன் வந்துவிட்டான் என்று ஓடி வந்தாள். அப்போது அய்யா என்ன சொன்னார்? 1008 வரைக்கும் நான் உன் மகன், இப்போது நான் நாராயணருக்கு மகன் என்ற கருத்தில் சொன்னார்.

இந்த இடத்தை ஏடு வாசிப்பில் எத்தனை முறை கேட்டிருப்போம்! அவதார மகிமையாகக் கேட்டிருப்போம். ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல்லாக நான் அதைக் கேட்டதில்லை. அன்று அந்த ரயிலில்தான் கேட்டேன். மூன்று நாள் அழுத தாயிடம், ஆமாம் அம்மா, உன் பழைய முத்துக்குட்டிதான் வந்திருக்கிறேன் என்று அய்யா சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த நேரத்துக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அய்யா சொல்லவில்லை. முதல் வார்த்தையிலேயே உண்மையைச் சொன்னார். அவளை விட்டுப் போகவும் இல்லை. அவர் பின்னாலேயே அவளும் தாமரைகுளம் நோக்கி வந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டுக் கூடவே இருப்பது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். நாங்கள் பிள்ளைக்குச் செய்தது நேர் எதிர்: பொய்யைச் சொல்லிவிட்டு, அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம்.

அன்று சாயங்காலம் செந்தூர்க் கடற்கரையில் அந்தத் தாயை வைத்துக்கொண்டு அவனிடம் பேசினேன். அதை அப்படியே சொல்கிறேன். உங்களில் யாருக்காவது உதவும்.

'மக்களே, தாத்தா உங்கிட்டத் தப்பாச் சொல்லிட்டேன். அப்பா எந்த ஊருக்கும் போகல. அப்பா செத்துப் போயிட்டாரு.'

தாய் என் கையைப் பிடித்தாள். அந்தச் சொல்லை வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. பையன் அழவில்லை. மணலைத் தோண்டிக்கொண்டே கேட்டான்: 'செத்துப் போனா என்ன ஆவும்?'

'நெஞ்சு துடிக்காது. மூச்சு வராது. பசிக்காது, வலிக்காது. எழும்பி வர முடியாது.'

'ஆஸ்பத்திரியில சரி பண்ண முடியாதா?'

'செத்துட்டா முடியாது மக்களே.'

கொஞ்ச நேரம் கழித்து, 'அப்பாவ மண்ணுக்குள்ள வச்சாங்கன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. மண்ணுக்குள்ள எப்படி மூச்சு விடுவாரு?' என்றான்.

நான்கு மாதமாக அந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை தூங்கியிருக்கிறான். நாம் அடக்கம் செய்கிற வழியைச் சேர்ந்தவர்கள். நம் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும். இருட்டாக இருக்குமா, மழை பெய்தால் நனைவாரா, எறும்பு கடிக்குமா என்றெல்லாம் வரும். வாயை மூடு என்று அதட்டாதீர்கள். 'அவருக்கு மூச்சு வேண்டாம் மக்களே, உடம்பு வேலை செய்யறத நிறுத்திட்டு. இருட்டும் தெரியாது, குளிரும் தெரியாது. மரியாதையா நாமம் சாத்தி, பூமித்தாய்கிட்ட ஒப்படைச்சிருக்கோம்' என்றேன். அவன் ஒரு பெருமூச்சு விட்டான். பெரியவர்கள் விடுவது போன்ற பெருமூச்சு.

கடைசியாகத்தான் வந்தது மூலக் கேள்வி. முதல் நாள் ராத்திரி அவன் சைக்கிள் கேட்டிருக்கிறான், தகப்பன் அடுத்த மாதம் பார்ப்போம் என்றிருக்கிறார், இவன் கோபித்துக்கொண்டு பேசாமல் படுத்துவிட்டான். 'நான் பேசலன்னுதான் செத்துட்டாரா?'

இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தத் தாய் அவனை வாரி எடுத்து, 'இல்லடா, இல்லடா, நீ ஒண்ணும் பண்ணல' என்று உரக்க அழுதாள். அப்போதுதான் அவனும் அழுதான். அதுவரை அம்மா அழுது அவன் பார்த்ததில்லை. அழுதால் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பிள்ளைகளோடு பழகும் மருத்துவர்கள் சொல்வது இதோடு ஒத்துப் போகிறது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சாவு என்பது திரும்பி வரக்கூடிய ஒன்று. போனவர் எப்போது வருவார் என்று நூறு தடவை கேட்கும், நூறு தடவையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். ஏழெட்டு வயதை ஒட்டித்தான் இனி வரமாட்டார், எல்லாருக்கும் இது உண்டு என்பது மெல்லப் பிடிபடும். அதற்கு இடையில் உள்ள பிள்ளைகள், தன் எண்ணமே இதைச் செய்துவிட்டதோ என்று பயப்படுவார்கள். கேட்காமலே சொல்லிவிட வேண்டும்: உன்னால் வரவில்லை. அடுத்த பயம், அம்மாவும் செத்துவிடுவாளா, எனக்குச் சோறு யார் போடுவார்கள் என்பது. அதற்கும் பெயர் சொல்லிப் பதில் சொல்ல வேண்டும்: அம்மா நல்லா இருக்கா, அவளுக்கு முடியாமப் போனா சித்தி இருக்கா, தாத்தா இருக்கேன். தூங்கிட்டார் என்று சொல்லவே கூடாது. பிள்ளை தூங்கப் பயப்படும். சாமி கூப்பிட்டுக்கிட்டார் என்றும் சொல்ல வேண்டாம். அப்பனைப் பறித்துக்கொண்ட அய்யாவின் முன்னால் எந்தப் பிள்ளை அன்போடு கைகூப்பும்?

அழுத கண்ணோடு ஐந்து நிமிஷத்தில் பந்து விளையாடப் போனால், 'இவனுக்குத் துக்கமே இல்ல பாரு' என்று பேசுகிற பெரியம்மாக்கள் நம் தாங்கலிலும் இருக்கிறார்கள். பிள்ளைத் துக்கம் அப்படித்தான்; முங்கும், எழும், மறுபடி முங்கும். படுக்கையில் சிறுநீர் கழிப்பதும், தாய் முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்வதும், பள்ளிக்கூட நேரத்தில் வயிறு வலிப்பதும் அதே துக்கம்தான். அடிக்காதீர்கள்.

அப்படியானால் தர்ம யுகம் என்று நாம் நம்புகிறோமே, அதைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அய்யா ஆளப் போகும் யுகத்தில் நம்மவர்களைக் காண்போம் என்பது நம் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் உடலை எரிக்காமல் மண்ணில் வைக்கிறோம். சொல்லலாம். ஆனால் முதலில் செத்துப் போனார் என்பது புரிந்த பிறகு சொல்லுங்கள். பிள்ளைக்கு யுகமும் தெரியாது, வருஷமும் தெரியாது. வருகிற தீபாவளிக்கு என்று எடுத்துக்கொள்ளும். 'அது என்னைக்குன்னு நமக்குத் தெரியாது, நீயும் நானும் வளந்து வாழ்ந்து முடிக்கிற காலம் வரைக்கும் அப்பா வரமாட்டாரு' என்று சேர்த்தே சொல்ல வேண்டும். நம்பிக்கையை வாசற்படியில் உட்கார்ந்து காத்திருக்கிற வேலையாக மாற்றிவிட்டால், ஒருநாள் பிள்ளை எழுந்து போகும்போது அய்யாவையும் விட்டுவிட்டுப் போய்விடும்.

சரி, சொல்லியாயிற்று. அதற்கப்புறம் வளர்ப்பது யார்?

அகிலத்தில் நம் சான்றோர் குலத்தின் தொடக்கத்தையே பாருங்கள். ஏழு கன்னியர் ஏழு பிள்ளைகளைப் பெற்றார்கள். பெற்றவர்கள் தவசுக்குப் போய்விட்டார்கள். தாயில்லாத ஏழு பிள்ளைகளையும் நாராயணர் பத்திரகாளியின் கையில் வளர்க்கக் கொடுத்தார். நம் குலத்தின் முதல் பிள்ளைகளே பெறாத தாய் வளர்த்த பிள்ளைகள்! வரம் கொடுத்து அனுப்பிவிடாமல், வளர்க்க ஒருத்தியைக் குறித்துக் கொடுத்தாரே, அதைக் கவனியுங்கள். 'எல்லாரும் பார்த்துக்குவோம்' என்று துக்க வீட்டில் சொல்கிறோம். எல்லாரும் என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம். பதினாறு முடிந்ததும் அவரவர் கடைக்குப் போய்விடுகிறோம்.

நாம் இருக்கிற இந்த ஊரிலேயே ஒருவர் பத்து வருஷம் வாழ்ந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீடு இன்று நினைவகமாக இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். சுப்பிரமணிய பாரதி. 1882இல் பிறந்தவருக்கு 1887இல், ஐந்து வயதில், தாய் லட்சுமி அம்மாள் இறந்தார். விளையாட்டுத் தோழர் இல்லாமல் தனித்துக் கிடந்த பிள்ளைப் பருவத்தைத் தன் சுயசரிதைப் பாட்டில் சொல்லி வருந்தியிருக்கிறார். பதினாறு நிறையும் முன்பே தகப்பனும் போய்விட்டார். 1908இல் இந்தப் புதுச்சேரிக்கு வந்தவர் கண்ணன் பாட்டு எழுதினார். அதில் கண்ணனைத் தோழனாக, அரசனாக, சேவகனாக எல்லாம் பாடியவர், தாயாகவும் பாடினார். மடியில் வைத்துக் கதை சொல்லி, நிலவையும் மேகத்தையும் மலையையும் கடலையும் விளையாட்டுப் பொருளாகக் காட்டுகிற தாய். ஐந்து வயதில் விட்ட மடி முப்பது வயதுக்கு மேலும் அவருக்கு வேண்டியிருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. தமிழ் ஆராய்ச்சி செய்தவர்கள் வேறு விதமாகச் சொல்லலாம். ஆனால் இழந்த பிள்ளையின் துக்கம் ஒரு வருஷத்தில் ஆறிவிடும் என்று சொல்கிறவர்கள் அந்தப் பாட்டை ஒருமுறை படிக்கட்டும்.

அவரே 1921இல் இறந்தபோது இளைய மகள் சகுந்தலா சிறு பெண். அவர் வளர்ந்து தன் தந்தையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். போனவரைப் பற்றிப் பேச விட்டால் பிள்ளை அவரை வைத்துக்கொள்ளும். நம் வீடுகளிலோ போட்டோவைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம், பிள்ளை பார்த்தால் அழும் என்று.

2004 டிசம்பர் 26ஆம் தேதி உங்களுக்கு நினைவிருக்கும். இந்தக் கரையிலும், காரைக்காலிலும், நாகையிலும் கடல் ஏறிய காலை. நாகப்பட்டினத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அன்னை சத்யா இல்லம் நடந்தது. அப்போது நாகை ஆட்சியராகப் பொறுப்பேற்ற ஜெ. ராதாகிருஷ்ணன் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் போனார். அவர் மனைவியும் போனார். அது அதிகாரி வேலை. ஆனால் மாற்றலாகி வேறு ஊர்களுக்குப் போன பிறகும் அந்தத் தம்பதி போவதை நிறுத்தவில்லை. பதினேழு வருஷம் கழித்து, 2022 பிப்ரவரியில், அங்கு வளர்ந்த ஒரு பெண்ணின் திருமணத்தைப் பெற்றவர் இடத்தில் நின்று நடத்தி வைத்தார். ஒரே ஆள், ஒரே முகம், விடாமல். தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கிக் காப்பதே தர்மம் என்று அய்யா சொன்னதைத் தினமும் படிக்கிற நாம் இதைச் செய்ய எத்தனை பேர் வேண்டும்? ஒரு பிள்ளைக்கு ஒருவர் போதும்.

அதனால் தாங்கலில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். இந்தப் பையனைத் தினமும் பள்ளியிலிருந்து அழைத்து வருவது ஒருவர் பொறுப்பு. பெயரைச் சொன்னால் அவர் கோபிப்பார். காலையில் அதே நேரத்துக்கு எழுப்புவது, அதே தட்டில் சோறு, சாயங்காலம் உகப்படிப்புக்கு வருவது, எதையும் மாற்றவில்லை. 1026 வைகாசி 21இல் அய்யா வைகுண்டம் ஏகிய பிறகும் சாமிதோப்பில் பணிவிடை நடந்துகொண்டுதானே இருக்கிறது. வகுப்பு ஆசிரியையிடம் தாய் போய் விவரம் சொல்லி வந்தாள். அந்த அம்மாள் நல்லவர், 'அப்பாவைப் பற்றி எழுதுக' என்று கட்டுரை கொடுக்கிற அன்று இவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாராம். மாதங்கள் ஆகியும் பிள்ளை சாப்பிடாமல் மெலிந்தாலோ, பள்ளிக்கூடமே வேண்டாம் என்றாலோ, நானும் அப்பாகிட்டப் போறேன் என்று சொன்னாலோ, வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போகாதீர்கள். ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை உண்டு. 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவி கிடைக்கும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். துக்க வீட்டில் ஒருவர் பையனைக் காட்டி 'அப்பனை முழுங்கின ராசி' என்றார். அவர் இன்று வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். பேய்க்கும் பில்லிக்கும் பயந்து கிடந்த சனத்துக்குத் தலைப்பாகை கட்டி நிமிர்த்தி நிறுத்தினார் அய்யா. அந்தத் தலைப்பாகையோடு வந்து, ஆறு வயதுப் பிள்ளையைப் பார்த்து ராசி பேசுகிறவர் இந்த நடையில் ஏற வேண்டாம்.

பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். சில நாள் நன்றாக இருக்கிறான், சில நாள் தாயை அடிக்கிறான். வாசற்படியில் உட்காருவது நின்றுவிட்டது. வருகிற லீவில் அப்பாவை வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவனே கேட்டான். கன்னியாகுமரி போகிற வாராந்திர ரயிலில் தாய் டிக்கெட் எடுத்துவிட்டாள். போன வாரம் கடையிலிருந்து கடலை மிட்டாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான், அங்கே கொண்டு போகலாமா என்று கேட்க. நான் கொஞ்சம் தயங்கி, 'மக்களே, அப்பாவால சாப்பிட முடியாதே' என்றேன்.

'தெரியும் தாத்தா. அவருதான் செத்துட்டாருல்லா. அங்க வர்ற பிள்ளைங்களுக்குக் குடுக்கணும், கடைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு அப்பா குடுப்பாருல்லா, அது மாதிரி.'

அய்யா உண்டு.